காரைக்கால் பெயரில் அணி இருக்கு... ஆட்டம் எங்கே? நஷ்டத்தில் ஓடும் அணிகளை ஊர் மாற்றலாமா, நீக்கலாமா?

புதுச்சேரியின் பிரீமியர் லீக் டி20 தொடரில் 'காரைக்கால் நைட்ஸ்' என்று ஒரு அணி இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால், 2025 தொடரில் அந்த அணி ஆடியது காரைக்காலில் இல்லை. சுமார் 130 கி.மீ. தள்ளி, புதுச்சேரி துத்திப்பட்டு மைதானத்தில்! மாஹே, ஏனாம் பெயரில் உள்ள அணிகளுக்கும் இதே கதைதான்.

சரி, இப்படி ஊரில் ஆடாத ஒரு அணி நாளைக்கு நஷ்டத்தில் சிக்கினால் என்ன ஆகும்? வேறு ஊருக்கு மாற்றுவார்களா, மொத்தமாக நீக்கிவிடுவார்களா? இதற்கு முன்பு என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

டிஎன்பிஎல்-லில் நடந்தது என்ன?

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடி பெயரில் ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸ். இன்று அந்தப் பெயரே தொடரில் இல்லை. 2021-ல் அந்த இடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் வந்தது. காரைக்குடி காளை அணி, அதே ஐட்ரீம் நிறுவனத்தின் கையில் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. அந்த அணி 2025-ல் முதன்முறையாக சாம்பியன் பட்டம் வென்றது. கொண்டாட்டம் திருப்பூருக்கு. காரைக்குடிக்கு?

ஆனால் இந்த மாற்றங்களுக்குப் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ஏன்? தொடங்கிய ஆண்டில் ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், நெல்லை சங்கர் நகர் ஆகிய இடங்களில்தான். தூத்துக்குடியிலோ காரைக்குடியிலோ அணிக்குச் சொந்த மைதானம் என்று ஒன்று இல்லை. வராத அணி போனால் யார் வருத்தப்படுவார்கள்?

நீக்கினால் பிரச்சினை தீருமா?

ஐபிஎல்-லில் 2011-ல் ஒரே ஒரு சீசன் ஆடியது கொச்சி டஸ்கர்ஸ். வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று பிசிசிஐ அந்த ஆண்டே அணியை நீக்கியது. விவகாரம் அதோடு முடியவில்லை. அணித் தரப்புக்கு 538 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பை, 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. கேரளாவுக்கு இன்று வரை ஐபிஎல் அணி கிடையாது.

மூன்றாவது வழி உண்டா?

உண்டு. ஊரை விட்டுவிட்டு முதலாளியை மட்டும் மாற்றுவது. 2012-ல் டெக்கான் சார்ஜர்ஸ் நீக்கப்பட்டது. ஆனால் ஐதராபாத் நகரத்துக்கே புதிய உரிமையாளருடன் சன்ரைசர்ஸ் வந்தது. ரசிகர்களுக்கு ஊர் மிஞ்சியது.

கால்பந்தில் இதற்கு நேர் எதிர். 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. 2025-ல் ஐதராபாத் எஃப்சி டெல்லிக்குப் போனது.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், கொதித்த ரசிகர்கள் 2002-ல் தாங்களே புது கிளப் தொடங்கினார்கள். கீழ்மட்டத்தில் இருந்து ஏறி, 2011-ல் தொழில்முறை லீக்குக்கே வந்துவிட்டது ஏஎஃப்சி விம்பிள்டன். தலைமுறை தலைமுறையாக மைதானத்துக்குப் போய்ப் பழகிய ஊர், கிளப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

லீக் தரப்பு வாதம் என்ன?

அதையும் ஒதுக்க முடியாது. சம்பள பாக்கி வைக்கும் அணியால் முதலில் அடி வாங்குவது வீரர்கள்தான். பணம் போடுபவர் இல்லாத ஊரில் அணியைப் பிடித்து வைத்தால் தொடரே ஆட்டம் காணும். ஒரே மைதானத்தில் நடத்தினால் ஒளிபரப்பு, பயணம், தங்கும் செலவு எல்லாம் குறையும். சின்ன லீக்குகளுக்கு இது பெரிய மிச்சம்.

காரைக்காலுக்கு என்ன பாடம்?

புதுச்சேரி, பிசிசிஐ உள்நாட்டுத் தொடர்களில் தனி அணியாக இறங்கியதே 2018-19-ல்தான். அதனால் யூனியன் பிரதேச அணிக்குள் நுழைய நினைக்கும் காரைக்கால் பையனுக்கு இந்த டி20 தொடர் முக்கியமான வாசல். அவன் ஆட்டத்தை அம்மா, அப்பா நேரில் பார்க்க வேண்டுமென்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும்.

ஆகவே, நஷ்டம் வந்த பிறகு 'எங்க ஊர் பேரை எடுக்காதீங்க' என்று கேட்பதில் பலன் குறைவு. இப்போதே கேட்க வேண்டியவை மூன்று:

* சீசனுக்கு ஒன்றிரண்டு ஆட்டமாவது காரைக்காலில் நடக்க வேண்டும். மைதானம் தயாராக இல்லையென்றால், அதைத் தயார் செய்ய காலக்கெடு வேண்டும்.
* அணியில் உள்ளூர் வீரர்களுக்குக் குறைந்தபட்ச இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.
* உரிமையாளர் விலகினால், முதலில் அதே ஊருக்குப் புதியவரைத் தேட வேண்டும். ஊர் மாற்றம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

ஜெர்சியில் இருக்கும் ஊர்ப் பெயரை ஒரே அறிவிப்பில் மாற்றிவிடலாம். ஆனால், நம்ம பசங்க நம்ம ஊரில் ஆடி, நாலு பேர் கேலரியில் உட்கார்ந்து கைதட்டிய அணியை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.