படகினுள் நீர் புகுவது எவ்வழியே?

நம் கடற்கரை ஊர்களில் மரக்கலத்தின் பலகை இடுக்கில் நீர் கசிந்தால் கலப்பத்து அடித்து அடைப்பர். கசிவது எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். கையும் அங்கே எட்டும். ஆனால், வளைகுடா நாட்டுப் படகுத்துறைகளிலே பணிபுரியும் சகோதரர்கள் பழுதுபார்க்க நேரும் விசைப்படகுகளில் இந்த வசதி கிடையாது. 'ஸ்டெர்ன் டிரைவ்' பொருத்தப்பட்ட படகு, தன் நோயை மறைத்து வைக்கும் இயல்புடையது. அந்நோயை அறியும் வழியைச் சற்றுப் பார்ப்போம்.

எஞ்சின் படகுக்குள்ளே, பின்சுவரை ஒட்டி அமர்ந்திருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்ப் பெட்டியோ சுவருக்கு வெளியே நீரில் தொங்கும். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் எண்ணத்தில் உருவான இந்த அமைப்பை 1959-இல் சுவீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் அமெரிக்காவின் மெர்குரூசர் பின்தொடர்ந்தது. உள்ளிருக்கும் எஞ்சினின் வலிமையும், வெளியில் திரும்பவும் மேலே தூக்கவும் கூடிய வசதியும் ஒருங்கே கிடைத்தன. அதற்குக் கொடுத்த விலைதான் என்ன தெரியுமா? நீர்மட்டத்தை ஒட்டிப் படகின் பின்சுவரில் ஒரு பெரிய துளை!

அத்துளையின் வழியே சுழல்தண்டு செல்கிறது. கியர் கேபிள் செல்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் செல்கிறது. வெளிப்பகுதி இடமும் வலமும் திரும்பவும் மேலே உயரவும் வேண்டியிருப்பதால், இரும்பால் அடைக்க இயலாது. ஆகவே கொல்லன் துருத்தியைப் போல் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையால் மூடியிருக்கிறார்கள். பணிமனைகளில் இதனைப் 'பெல்லோஸ்' என்பர். கடலுக்கும் படகுக்கும் நடுவே நிற்பது சில மில்லிமீட்டர் ரப்பர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு கிழிசல் விழுகிறது. அது நீர்மட்டத்திற்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர் உள்ளே பாயும். எனினும் உரிமையாளர் அறியமாட்டார். தானியங்கிப் பம்பு ஓசையின்றி இறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்த இரவில் பம்பு நிற்கும். விடியும்போது படகு கட்டிய இடத்திலேயே மூழ்கிக் கிடக்கும். பம்பு அடிக்கடி ஓடுகிறதே என்று மகிழ்வது அறியாமை. ஏன் ஓடுகிறது என்று கேட்பதே அறிவு.

பழுது பார்ப்போரில் பலர் முதலில் ஸ்பேனரை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது ஸ்பேனரன்று. கேட்க வேண்டியது ஒரு கேள்வி: நீர் எப்போது வருகிறது?

படகைக் கரையேற்றி, அடித்தளத்தைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வடிகால் பிளக் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். (நகைக்க வேண்டாம், பல 'மர்மக் கசிவு'கள் இங்கேயே முடிந்துபோகின்றன.) பிறகு டிரைவின் நீர் உறிஞ்சும் வாயில் குழாய்நீரைப் பொருத்தி, எஞ்சின் அறையின் காற்றோட்ட விசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எஞ்சினை இயக்குங்கள். கரையிலேயே உள்ளே நீர் சொட்டினால் பெல்லோஸ் குற்றவாளியன்று. குளிர்விக்கும் குழாய், கிளாம்ப், பம்பு ஆகியவற்றை ஆராயுங்கள். கரையில் வராமல், நீரில் சும்மா நிற்கும்போதே வந்தால், பெல்லோஸ், கியர் கேபிள் உறை, பின்சுவர் கேஸ்கட் ஆகியவற்றின் மீது ஐயம் கொள்ளலாம். டிரைவை உயர்த்தும்போது மட்டும் வந்தால், மடிப்பின் உட்பக்கத்து வெடிப்பு விரிகிறது என்று பொருள். புகை வெளியேறும் பெல்லோஸ் கிழிந்தால் பொதுவாகப் படகினுள் நீர் வராது. தண்டின் பெல்லோஸும் கேபிள் உறையுமே மூழ்கடிப்பவை.

உள்ளே தேங்கிய நீரை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்ப்போரும் உண்டு. இது வேண்டாத துணிச்சல். எண்ணெயோடு, எஞ்சினின் கூலன்ட் என்னும் நஞ்சும் அதில் கலந்திருக்கக்கூடும். சிறிதளவு தட்டில் காயவையுங்கள். வெள்ளை உப்புப் படிந்தால் கடல்நீர்; பச்சையோ சிவப்போ தெரிந்தால் கூலன்ட். ஒன்றும் இல்லையேல் மழைநீராகவும் இருக்கலாம். கசியும் வழியைக் காண, பின்சுவரின் உட்புறம் முகப்பவுடர் தூவிவைத்தால், நீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

இன்னொரு கசிவும் உண்டு. அது படகுக்குள் அன்று, கியர்ப் பெட்டிக்குள். படகு ஓரிரவு அசையாமல் நின்ற பின் கீழ்த்திருகைத் தளர்த்துங்கள். முதலில் நீர் வந்தாலும், ஆயில் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தாலும் ஐயத்திற்கு இடமில்லை. பெரும்பாலும் புரொப்பெல்லரின் பின்னே சுற்றிக்கொண்ட நைலான் தூண்டில் நூலே ஆயில் சீலை அறுத்திருக்கும். ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டுவோர் பற்சக்கரத்தையே இழப்பர். கைப்பம்பால் சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புநீர் தடவினால், குமிழி எழும் இடமே கசியும் இடம்.

பெல்லோஸை மாற்றுகையில் பெருந்தவறு ஒன்று நிகழ்கிறது. புது ரப்பரை, உப்பு அரித்துக் கரடான பழைய விளிம்பிலேயே மாட்டிவிடுகிறார்கள். விளிம்பு வழவழப்பாகும்வரை சுத்தம் செய்யாவிடில், எத்தனை இறுக்கியும் பயனில்லை. மேற்புறம் சிலிக்கோன் பூசி 'சரிசெய்துவிட்டேன்' என்பது பணியன்று, ஏமாற்று. டிரைவைக் கழற்றியிருக்கும்போதே உள்ளிருக்கும் கிம்பல் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால், நீர் அதனைத் தொட்டுப் பல நாட்களாயின. அதையும் மாற்றி, தண்டின் நேர்கோட்டை அளவுக்கம்பியால் சரிபார்த்தே பூட்ட வேண்டும்.

வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் கொட்டலசு மடிப்புகளுக்குள் வளர்ந்து, டிரைவ் திரும்புகையில் ரப்பரைக் கத்திபோல் அறுக்கும். ஆகவே ஆண்டுதோறும் ஆராய்வதும், மூன்று முதல் ஐந்தாண்டுக்குள் மாற்றிவிடுவதும் நலம். கரையில் நிறுத்தும்போது டிரைவைக் கீழே இறக்கியே வையுங்கள். தூக்கிய நிலையில் ரப்பர் மடிந்தே இறுகிவிடும்.

வேலை முடிந்து படகை நீரில் இறக்கியதும் வீட்டுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். பம்பின் சுவிட்சை அணைத்து, ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து, டார்ச் ஒளியில் பின்சுவரின் உட்புறத்தைக் கவனியுங்கள். டிரைவை இடமும் வலமும் திருப்பி, ஒருமுறை உயர்த்தி இறக்கி, மீண்டும் பாருங்கள். தூவிய பவுடர் கலையாமல் இருந்தால் பம்பின் சுவிட்சை மறுபடியும் போட்டுவிட்டுக் கரையேறலாம்.