நெல்லைக் கருக்கும் நுண்ணுயிர்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அறந்தாங்கிப் பக்கத்துச் சம்பா வயலொன்றில் நெல்லின் இலை நுனியும் ஓரங்களும் மஞ்சளித்து, பின் வைக்கோல் நிறமாகக் கருகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உரம் போதவில்லை போலும் என்று எண்ணி யூரியாவை மிகுதியாக இட்டால், நோய் மேலும் முற்றும். ஏனெனில் இது உரக்குறையன்று. பாக்டீரியா இலைக்கருகல் நோய்.

தாவரங்களையும் பாக்டீரியா தாக்கும் என்பதை 1878ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தாமஸ் பர்ரில், பேரி மரத்தின் கருகல் நோயை ஆராய்ந்து எடுத்துரைத்தார். நெல்லின் இந்நோயை 1884ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய உழவர்கள் கண்டிருந்தனர். நம் நாட்டில் 1963ஆம் ஆண்டில் பீகாரில் இது பெருவாரியாகப் பரவியது.

இதனை விளைவிக்கும் நுண்ணுயிரின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. நெல் இலையின் ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியாகவோ, காற்றில் இலைகள் உராய்ந்த காயங்களின் வழியாகவோ அது உட்புகுகிறது; நீர் செல்லும் குழாய்களில் பல்கிப் பெருகிப் பசைபோன்ற பொருளால் அவற்றை அடைக்கிறது. வயலில் நீர் நின்றும் இலை வாடுவது இதனாலேதான். அன்றியும், அது ஊசி போன்ற உறுப்பினால் சில புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை சர்க்கரையை வெளியேற்றும் மரபணுவைத் தூண்டிவிடுகின்றன. திருடன், வீட்டுக்காரன் கையாலேயே களஞ்சியத்தைத் திறக்கச் செய்வதை ஒத்த செயல் இது!

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. பசுமையும் கருகலும் கூடுமிடத்தில் இலையை வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் நனையுமாறு வையுங்கள். சிறிது நேரத்தில் பால்போன்ற கசிவு வெளிப்பட்டால், அது பாக்டீரியாக் கூட்டமே.

நோய் இதுவென்று தெளிந்தால் தழைச்சத்து உரத்தைக் குறைக்க வேண்டும். நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகாது. இனி நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளலாகாது. 20 விழுக்காடு பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஐதராபாத் அறிஞர்கள் சம்பா மசூரி நெல்லில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய புதிய இரகம் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது.

உங்கள் வீட்டு வயலில் இலை மஞ்சளித்தால், யூரியா மூட்டையைப் பிரிக்குமுன் ஒரு குவளை நீரை எடுத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள்.