தேய்ந்து செல்லும் மொழி

மொழியிழப்பு என்றதும் பாரிசவாதமே பலருக்கும் நினைவுக்கு வரும். அது ஒரு நாளிலே திடீரென வந்து, பின்னர் சிறிதேனும் மீளக்கூடியது. ஈண்டு ஆராயப்படும் நோயோ வந்த நாள் அறியப்படாதது. மூளையின் நரம்புக் கலங்கள் சிறிது சிறிதாக மடிதலால் ஆண்டுக்காண்டு வளர்வது.

பிராக் நகரத்து வைத்திய அறிஞர் ஆர்ணல்ட் பிக் 1892 ஆம் ஆண்டிலே இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்தார். எனினும், முதுமையில் அறிவு மழுங்குதலின் ஒரு கூறே இதுவென்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1982 இல் அமெரிக்க அறிஞர் மெசுலாம், நினைவும் நிதானமும் பெரிதுங் குன்றாதிருக்க மொழி மாத்திரம் தேய்ந்த அறுவரைப் பற்றி எழுதிய பின்னரே இது தனியொரு நோயாக நோக்கப்படலாயிற்று.

நோயைத் துணிதற்கு முதலில் நோக்கவேண்டியது, தொடக்கத்திலே குன்றியது எது என்பதாகும். நேற்று நடந்ததை மறப்பவர் வேறு. நேற்று நடந்ததை நன்கறிந்தும் சொல்லச் சொல் கிடையாதவர் வேறு. பின்னவரைச் செவிடரென்றும், பிடிவாதக்காரரென்றும், மனச்சோர்வுற்றாரென்றும் வீட்டார் கருதிவிடுதல் உண்டு. பாரிசவாதம், கட்டி முதலியன காரணமல்ல என்பதையும் மூளைப் படங்களால் உறுதிசெய்தல் வேண்டும்.

2011 இல் பன்னாட்டறிஞர் கூடி இந்நோயை மூவகையாகப் பகுத்தனர். முதல் வகையினர் தட்டுத் தடுமாறிப் பேசுவர், இலக்கணம் சிதையும், ஒலிகள் பிறழும், தனிச்சொற்களின் பொருள் மட்டும் நன்கு விளங்கும்.

இரண்டாம் வகையே பெரிதும் சிந்திக்கத்தக்கது. சொல்லும் பொருளும் பிரிக்கவொண்ணாதன என்பர் புலவர். இந்நோயிலோ அவை பிரிந்துவிடுகின்றன. பேச்சுத் தங்குதடையின்றி ஓடும், இலக்கணமும் வழுவாது. ஆனால் நன்கறிந்த சொல்லொன்றைக் கேட்டு, “அப்படியென்றால் என்ன?” என நோயாளி வினவுவார். வரிக்குதிரை முதலிற் குதிரையாகும். பின்னர் வெறும் மிருகமாகும். இங்கு மெலிவது இடது பொட்டுக்கு நேரே உள்ளிருக்கும் மூளைப் பகுதியின் முன்முனை. யப்பானிய வைத்தியர் இமுரா 1943 இலேயே இத்தகைய நிலையைச் ‘சொற்பொருள் இழப்பு’ எனப் பெயரிட்டு விளக்கினார். அந்நாட்டு நோயாளர் ஒலியெழுத்துக்களைச் செம்மையாய் வாசிப்பர். சீனத்திலிருந்து பெற்ற கருத்தெழுத்துக்களிலேதான் இடறுவர். ஆங்கிலேயரோ ‘பைன்ட்’ என ஒலிக்கவேண்டிய சொல்லை எழுத்தின்படி ‘பின்ட்’ என வாசிப்பர். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் விதிப்படி இயையும் தமிழிலே இத்தகைய வாசிப்புச் சோதனை அத்துணை பயன்தராது. பிறமொழிச் சோதனையை மொழிபெயர்த்தாற் போதும் என்பது தவறான துணிபே. பொருளை வினாவியே அறிதல் வேண்டும்.

மூன்றாம் வகையினர் சொல்லைத் தேடி இடையிடையே நிற்பர். நீண்ட வாக்கியத்தைக் கேட்டவாறே திருப்பிச் சொல்ல மாட்டார். இலக்கணமும் சொற்பொருளும் ஓரளவு காக்கப்பட்டிருக்கும். இவ்வகையின் அடியிற் பெரும்பாலும் இருப்பது, வழக்கமாக நினைவைக் கெடுக்கும் அல்சைமர் நோயே. முதலிரண்டு வகைகளுக்கும் பெரும்பாலும் வேறு புரதங்களின் திரட்சியே காரணம். எனவே பேச்சை உன்னிப்பாகக் கேட்டல், கண்ணுக்குத் தெரியாத நோய்மூலத்தை ஊகித்தற்கும் வழியாகின்றது. ஊகம் என்பதே பொருந்தும். மூன்றிலும் அடங்காத நோயாளரும் உளர். நோய் முற்றியபின் வகைகள் ஒன்றோடொன்று கலந்து தோன்றுதலால், தொடக்கத்திலே பரிசோதித்தல் இன்றியமையாதது.

இந்நோயின் போக்கைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் வகையறிதல் வீட்டாருக்குப் பயன்படும். முதல் வகையினர் சிலர் வாய்ப்பேச்சு ஒடுங்கிய பின்னும் எழுதிக் காட்டவல்லவர். அவருக்குத் தாளும் பேனாவும் உதவும். இரண்டாம் வகையினருக்குச் சொல்லை எழுதிக்காட்டி ஆவதொன்றில்லை. பொருளையே கையிற் கொடுத்தல் வேண்டும். மூன்றாம் வகையினரிடம் சிறு வாக்கியங்களாகப் பேசி, மறுமொழி வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.