இளமைக் கவலையும் இருதய நலமும்

“சாப்பாடு போடுகிறோம், படிக்க வைக்கிறோம், இந்த வயதில் இவனுக்கென்ன கவலை?” என்று கேட்கும் பெற்றோரைக் கிராமங்களில் அடிக்கடி காண்கிறேன். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி ஊழியர் வீடு தேடி வந்து தந்தையின் ரத்த அழுத்தத்தை அளக்கிறார். அதே வீட்டில், பரீட்சையில் தவறி, உண்ணாமலும் உறங்காமலும் வாடும் மகனை எவரும் விசாரிப்பதில்லை. அவனுடைய கவலை அவனது பிற்கால இருதய நலத்தையும் பாதிக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

அச்சமும் கவலையும் தோன்றும்பொழுது அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் ரத்தத்தில் மிகுதியாகக் கலக்கின்றன. நாடி விரைகிறது, ரத்த அழுத்தம் உயர்கிறது, சர்க்கரை கூடுகிறது. விரைவில் தணிந்துவிடின் கெடுதல் இல்லை. வீட்டுச் சண்டை, அடி, ஏளனம், பரீட்சைப் பயம் ஆகியவற்றால் இந்நிலை நெடுநாள் நீடிக்குமாயின், ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபட்டுக் கொழுப்புப் படிய ஏதுவாகிறது. மேலும், மனம் நொந்த இளைஞன் உறக்கத்தை இழக்கிறான், விளையாட்டைக் கைவிடுகிறான், சில வேளைகளில் புகையிலையை நாடுகிறான். இவையும் இருதயத்திற்குப் பகையே.

இத்தொடர்பைச் சுவீடன் நாட்டில் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அங்கு அந்நாளில் ஆண்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. அதற்கென 18 வயதை ஒட்டிய இளைஞர்களைப் பரிசோதித்தபொழுது, மனநூல் வல்லுநர் அவர்களுடன் உரையாடி, வாழ்க்கைத் தொல்லைகளைத் தாங்கும் திறனையும் மதிப்பிட்டார். 1952 முதல் 1956 வரை பிறந்த ஏறத்தாழ 2,38,000 பேரின் பதிவுகள், 2010 வரையிலான மருத்துவக் குறிப்புகளுடன் ஒப்பிடப்பட்டன. முடிவு 2015-இல் வெளியாயிற்று. இளமையில் அத்திறன் குறைந்திருந்தோரிடையே நடுவயதில் இருதய நோய் அதிகமாகக் காணப்பட்டது. உடல் வலிமையால் கிட்டும் பாதுகாப்பும் அவர்களிடம் குறைந்தே இருந்தது. கவலைப்பட்டோர் யாவரும் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று; தக்க காலத்தில் கவனித்தல் நலம் என்பதே பொருள்.

ஆகவே, பெற்றோர் நாள்தோறும் சிறிது நேரமேனும் பிள்ளைகள் கூறுவதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிறர் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பழித்தல் கூடாது. படிப்பை நிறுத்தித் திருமணம் பேசப்படும் பெண்ணின் மௌனத்தையும் சம்மதமாகக் கொள்ளலாகாது. உறக்கமும் மாலை விளையாட்டும் தவறாமல் கிடைக்கச் செய்தல் அவசியம். துயரம் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்; 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

நாற்றங்காலில் பயிர் வாடக் கண்டு எந்த உழவரும் வாளாவிருப்பதில்லை. உரிய வேளையில் நீர் பாய்ச்சினால் அது தேறும் என்பதை அவர் அறிவார். அந்தக் கவனம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.