எளிய இயந்திரங்களும் நம் பிள்ளைகளின் அறிவியலும்

அறிவியல் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கண்ணாடிக் குடுவைகளும், பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் ஆய்வுக்கூடமும்தான். ஆனால், முதல் ஆய்வுக்கூடம் நம் வீட்டுச் சமையலறையே என்றால் மிகையாகாது. பாக்குவெட்டியும் இடுக்கியும் நெம்புகோல்கள். அரிவாள்மனையின் கூர்முனை ஓர் ஆப்பு. ஊறுகாய்ப் புட்டியின் மூடி திருகு. கிணற்றடி ராட்டினத்தைப் பார்க்காத நகரத்துக் குழந்தைகூட, துணி காயப்போடும் கொடியைக் கூரைவரை ஏற்றும் கப்பியைப் பார்த்திருக்கும்.

நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, ஆப்பு, திருகு ஆகிய ஐந்தையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஹீரோன் வரிசைப்படுத்திவிட்டார். சாய்தளம் பின்னாளில் சேர, எளிய இயந்திரங்கள் ஆறு ஆயின. இவை எதுவும் வேலையைப் புதிதாக உண்டாக்குவதில்லை, விசையையும் தூரத்தையும் மாற்றித்தான் தருகின்றன என்று 1600-ஆம் ஆண்டு வாக்கில் கலிலியோ தெளிவுபடுத்தினார். சுருங்கச் சொன்னால், இயற்கையின் கடையில் எதுவும் இனாமாகக் கிடைக்காது! இந்த ஒரு கருத்து மனத்தில் பதிந்துவிட்டால், ஆற்றல் அழியாமை என்னும் பெரிய பாடத்துக்குப் பாதி தூரம் வந்தாயிற்று.

ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நான், இப்போது புனேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலருடன் உட்காருகிறேன். நெம்புகோலின் மூன்று வகைகளையும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "சரிப்பா, கதவுக்குக் கைப்பிடியை ஏன் கீலுக்கு எதிர்ப்பக்கம் வெச்சிருக்கான்?" என்று கேட்டால், "அது சிலபஸ்ல இல்லையே அங்கிள்" என்று பதில் வரும். மனப்பாடத்துக்கும் அறிவுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் என் கவலை.

அதற்கு நான் சொல்லும் மருந்து எளிது. கதவை முதலில் கைப்பிடி அருகே ஒரு விரலால் தள்ளச் சொல்வேன். பிறகு கீலிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் தள்ளச் சொல்வேன். கைப்பிடி 90 செ.மீ. தள்ளி இருந்தால், இங்கே ஆறு மடங்கு விசை வேண்டும். விரல் வலித்த பிறகு சூத்திரம் சொன்னால் அது மறப்பதே இல்லை. அடுத்து, ஒரு பென்சிலின் மேல் 30 செ.மீ. அளவுகோலை நடுவில் நிறுத்துவோம். நடுவிலிருந்து 4 செ.மீ.யில் மூன்று நாணயம், எதிர்ப்பக்கம் 12 செ.மீ.யில் அதே வகை நாணயம் ஒன்று. கோல் நேராக நிற்கும்! "எடையை தூரத்தால பெருக்கிப் பாருங்க" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

கப்பிக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். துடைப்பக் கழி இரண்டும் கொஞ்சம் கயிறும் போதும். ஒரு கழியில் கயிற்றைக் கட்டி, நடுவே ஆறு இழை வரும்படி இரண்டையும் மாறி மாறிச் சுற்றுங்கள். வாட்டசாட்டமான இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கழியைப் பிடித்து விலக்கி நிற்கட்டும். கூட்டத்திலேயே சின்னப் பெண் கயிற்றின் நுனியை இழுக்கட்டும். கழிகள் நெருங்கிவிடும், பையன்களுக்கு வெட்கமாகப் போய்விடும்! ஆனால் கழிகள் ஓர் அடி நெருங்க, அவள் ஆறடிக் கயிறு இழுத்தாக வேண்டும். அதுதான் நாம் கொடுத்த விலை.

உராய்வைப் புரியவைக்கச் சாய்தளம் நல்ல ஆசிரியர். 150 செ.மீ. பலகையின் ஒரு முனையை 30 செ.மீ. உயர்த்துங்கள். 3 கிலோ செங்கல்லை வில் தராசில் கட்டி மேலே இழுத்தால், கணக்குப்படி 600 கிராம் காட்ட வேண்டும். உண்மையில் இரண்டு கிலோவை ஒட்டிக் காட்டும். "கணக்கு தப்பா அங்கிள்?" என்பார்கள். கணக்கு தப்பில்லை, உராய்வை அதில் சேர்க்கவில்லை. செங்கல்லை ஒரு பொம்மை வண்டியில் ஏற்றி இழுங்கள், அளவு 600-ஐ நோக்கி இறங்கும். சக்கரத்தின் அருமை அன்று தெரியும்.

மிதிவண்டியோ இதற்கு நேர் எதிர். 17 செ.மீ. மிதிக்கட்டை ஒரு சுற்று வர, கால் சுமார் 107 செ.மீ. நகர்கிறது. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல், சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. என்றால், வண்டி ஏறத்தாழ 540 செ.மீ. ஓடுகிறது. இங்கே விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிறோம். மேட்டில் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. என் வகுப்பில் இதை முதலில் சொன்னவன், சைக்கிள் பழுதுபார்ப்பவரின் மகன். "படிப்பு வராது" என்று பள்ளியில் பெயர் வாங்கியவன். பரீட்சைத் தாள் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளைச் சோதனை செய்து கற்க வைத்தது. அங்கே தேர்வுக்குப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லலாம்! 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. 1978-இல் அங்கே சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே வடிவங்கள் செய்து காட்டினார். பின்னர் எங்கள் புனேயில் உள்ள ஐயூக்கா நிறுவனத்தின் சிறுவர் அறிவியல் மையத்தில் பணியாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு ஏற்றம், கமலை என்றால் என்னவென்று தெரியாது. ஏற்றத்தின் மேல் மனிதன் முன்னும் பின்னும் நடந்து நெம்புகோலின் எடையை இடம் மாற்றினான். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கி இழுத்ததால், அவற்றின் உடல் எடையும் தண்ணீர் இறைக்க உதவியது. படம் வரைந்து இதைச் சொல்லும்போது, இயற்பியலோடு நாலு தமிழ்ச் சொல்லும் சேர்ந்தே உள்ளே போகிறது. தாத்தா படிக்காதவர்தான், ஆனால் பொறியியல் தெரிந்தவர் என்ற மரியாதையும் வருகிறது.

கடைசியாக ஒன்று. 'ஏன்' என்று கேட்பது அறிவியல். 'இருப்பதை வைத்து எப்படிச் செய்வது' என்று கேட்பது பொறியியல். ஆகவே சோதனையோடு நிறுத்தாமல் ஒரு வேலையும் கொடுங்கள். நூற்கண்டு, பென்சில், அட்டைப்பெட்டி இவற்றைக் கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்ற வேண்டும். நூல் அறும், பென்சில் முறியும். அறுந்த இடத்தைப் பார்த்து, "இங்கதான் பாரம் ஜாஸ்தி" என்று குழந்தை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அடுத்த முறை எந்த இடத்தை வலுப்படுத்த வேண்டும் என்று அது யோசித்துக்கொண்டிருக்கிறது.