பாசி காட்டிக்கொடுத்த காட்மியம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லேண்ட், மரங்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் பேர்போன நகரம். அங்கே வீடுகளுக்கு நடுவே காட்மியம் என்ற நச்சு உலோகம் பல காலமாகக் காற்றில் கலந்துவந்தது. அதை முதலில் காட்டிக்கொடுத்தது தெருவோர மரங்களில் தானாக வளர்ந்திருந்த பாசிதான்.

இது குளத்துப் பாசி அல்ல; மரப்பட்டையில் அடர்ந்து படரும் ‘மாஸ்’ இனம். இதற்கு உண்மையான வேர் கிடையாது. நீரும் சத்தும் மழையிலிருந்தும் காற்றில் வரும் தூசியிலிருந்தும்தான் கிடைக்கின்றன. மற்றச் செடிகளின் இலைமேல் இருக்கும் கெட்டியான மெழுகுப் பூச்சும் இதற்கு இல்லாததால், மேலே விழுவது எளிதில் உள்ளே இறங்கும். செல்சுவர்களில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் ஏராளம். நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் காற்றில் வந்த உலோகம் அதற்குள் சேர்ந்துகொண்டே போகும். இந்தக் குணத்தை வைத்து உலோக மாசை அளக்கும் முறையை 1960களின் பிற்பகுதியிலேயே ஸ்வீடன் விஞ்ஞானிகள் தொடங்கிவிட்டார்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஜெஃப்ரி டோனவன், சாரா ஜோவன் குழுவினர் போர்ட்லேண்ட் முழுவதிலும் ‘ஆர்த்தோட்ரைக்கம் லையெல்லை’ என்ற பாசியை மரங்களிலிருந்து சேகரித்தார்கள். மொத்தம் 346 மாதிரிகள். பட்டைத் துணுக்கையும் குப்பையையும் நீக்கி, உலர்த்தி, அரைத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். கிடைத்த அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது, காட்மியம் இரண்டு இடங்களில் குவிந்திருந்தது. இரண்டுக்கும் அருகில் வண்ணக் கண்ணாடித் தொழிற்கூடங்கள் இருந்தன. கண்ணாடிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் ஏற்றக் காட்மியச் சேர்மங்களைப் பயன்படுத்துவது அந்தத் தொழிலில் வழக்கம்.

2015 அக்டோபரில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஒரு கூடத்தின் அருகே காற்று அளவைக் கருவிகளை வைத்தது. காற்றில் காட்மியத்தின் சராசரி, மாநிலம் வகுத்த பாதுகாப்பு அளவுகோலைப் போல் 49 மடங்கு. ஆர்சனிக் 159 மடங்கு. நீண்ட காலம் சுவாசித்தால் காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி அதைக் கெடுக்கும். நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் நகரம் கொதித்தது. தொழிற்கூடங்கள் காட்மியப் பயன்பாட்டை நிறுத்திவைத்தன. இப்படிப்பட்ட சிறு உலைகள் மத்திய அரசு விதிகளில் சிக்காமல் தப்பிவந்ததும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மாநிலம் வண்ணக் கண்ணாடித் தொழிலுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

இதில் பாசியின் வேலை எதுவரை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ பாசியில் இத்தனை மில்லிகிராம் காட்மியம் என்றால், அங்கே வசிப்பவர் சுவாசித்தது எவ்வளவு என்று நேரடியாகக் கணக்கிட முடியாது. அதைக் கருவிதான் சொல்ல வேண்டும். ஆனால் கருவி விலை அதிகம். நகரமெங்கும் வைக்க முடியாது. எந்தத் தெருவில் வைப்பது என்ற கேள்விக்குத்தான் பாசி பதில் சொன்னது.

வேருள்ள களைச்செடிகளையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். டேன்டிலியன் என்ற மஞ்சள் பூச்செடி ஐரோப்பிய நகரங்களில் நடைபாதை இடுக்கில்கூட முளைக்கும் என்பதால் ஆய்வுகளில் அடிக்கடி வரும். ஆனால் அதன் இலையில் இருக்கும் உலோகம் மண்ணிலிருந்து ஏறியதா, காற்றுத் தூசியாகப் படிந்ததா என்று பிரித்தறிவது சிரமம். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலையில் ஈயம் மிகுந்திருந்தால் தூசியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அதனால் ஒரே செடியின் இலைகளில் பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் சோதித்து ஒப்பிடுவது உண்டு.

பாசி ஆய்வில் செலவு ஆய்வகத்தோடு சரி. சேகரிக்கக் கொஞ்சம் பயிற்சி போதும். 2019இல் சியாட்டில் நகரின் டுவாமிஷ் பள்ளத்தாக்கில், தொழிற்சாலைகளை ஒட்டி வாழும் குடும்பங்களின் பதின்வயதுப் பிள்ளைகளே களத்தில் இறங்கி இதே பாசியைச் சேகரித்தார்கள். தங்கள் தெருக் காற்றைச் சோதிக்கச் சொல்லி அதிகாரிகளிடம் போகும்போது, அவர்கள் கையில் இப்போது வரைபடம் இருக்கிறது.