கத்தரிக்கோல் யார் கையில்?

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கின்றன. இரண்டும் சேர்த்து 20 பிள்ளைகள். ஊர்த் தெருவிலிருந்து 12 பேர், காலனியிலிருந்து 8 பேர்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நாம் அங்கே போயிருந்தோம். பிள்ளைகளுக்குக் குழுப் போட்டி வைத்திருந்தார் ஆசிரியை. ஐந்து ஐந்து பேராக நான்கு குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர், காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும்படி அவரே பிரித்திருந்தார். ஒரு குழுவுக்குப் பழைய செய்தித்தாள் 4, தென்னை ஈர்க்குச்சி 20, கொஞ்சம் நூல், ஒரு கிண்ணம் பசை, ஒரு கத்தரிக்கோல். 40 நிமிடத்தில் ஒரு கோபுரம் கட்ட வேண்டும். உச்சியில் ஒரு நோட்டை வைத்தால் பத்து எண்ணும் வரை விழக் கூடாது. எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பு கலகலப்பாகத்தான் இருந்தது. நாம் கோபுரத்தைப் பார்க்காமல் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு குழுவிலும் கத்தரிக்கோல் ஊர்த் தெருப் பையன் கையில் இருந்தது. 40 நிமிடமும் அது கை மாறவில்லை. ஒரு குழுவில் காலனிச் சிறுமி ஒருத்தி பசைக் கிண்ணத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கில் மூன்று கோபுரங்கள் பத்து எண்ணுவதற்குள் சரிந்துவிட்டன.

மணி அடித்ததும் தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைக் கூட்ட நான்கு பிள்ளைகள் எழுந்தார்கள். நான்கு பேரும் காலனிப் பிள்ளைகள். கூட்டச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

‘கலந்து உட்கார வெச்சா போதும்னு நெனச்சேன் சார். வேலைய அதுங்களே பிரிச்சிக்கிச்சுங்க, ஊர்ல பிரிச்ச மாதிரியே’ என்றார் ஆசிரியை.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது என்று சொல்கிறவர்கள் இப்படி ஒரு பிற்பகல் வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் யாரையும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. யார் வெட்டுவது, யார் பிடித்துக்கொள்வது, யார் கூட்டுவது என்பது மட்டும் முன்பே முடிவாகியிருந்தது.

கரும்பலகைக்குப் போன மாணவன்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. ஒரு கணக்கைச் செய்து காட்டுமாறு மாணவர் பீமராவை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல். கரும்பலகைக்குப் பின்னால்தான் மற்ற மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. பீமராவ் போய்ச் சேருவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள்.

அவருக்குக் கணக்குத் தெரியுமா என்பது அங்கே பிரச்சினையாகவே இல்லை. அவர் பலகையை நெருங்கலாமா என்பதுதான் பிரச்சினை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு டப்பாக்கள் போய்விட்டன. காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே கிடைக்கின்றன. ஆனால் கருவி யார் கையில், துடைப்பம் யார் கையில் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியலினக் குழந்தைகளைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்ததாக வழக்குப் பதிவாகி, தலைமையாசிரியை கைது செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்ல பரிந்துரை, தேவையான பரிந்துரை. ஆனால் நாம் பார்த்த வகுப்பில் பிள்ளைகள் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். இடத்தைப் பகிர்ந்து கொடுத்த பிறகு வேலையையும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் அன்று நமக்குக் கிடைத்த பாடம்.

ஆஸ்டின் நகரத்தில் செய்தது

இதே சிக்கலை அமெரிக்காவில் ஒரு நகரம் சந்தித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின். 1971இல் அங்கே பள்ளிகளில் நிறப் பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் மெக்சிகோ வழிவந்த குழந்தைகளும் ஒரே வகுப்பறைக்கு வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே மோதல்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கல்வி நிர்வாகம் எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரை அழைத்தது.

அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பதில் தெரிந்த ஆறேழு பேர் கையைத் தூக்குகிறார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் முகம் சுருங்குகிறது. நல்ல பள்ளியில் படித்து வந்த வெள்ளைக் குழந்தைகளே எப்போதும் முந்துகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் நட்பு வந்துவிடவில்லை.

அவர் செய்த மாற்றம் எளிமையானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும். ஆங்கிலம் தடுமாறும் மெக்சிகோ வழிப் பையனைக் கேலி செய்தால், அவன் கையில் உள்ள துண்டு நமக்குக் கிடைக்காது என்று பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். கேலி குறைந்தது. அவனிடமிருந்து விஷயத்தை வாங்க எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுக்கொண்டார்கள். சில வாரங்களில் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்தது. பிள்ளைகளின் தன்னம்பிக்கை கூடியது. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறையவில்லை. வெட்டிப் பொருத்தும் படப் புதிரின் பெயரால் இதை ‘ஜிக்சா வகுப்பறை’ என்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று அங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை முடியாது என்று வகுப்பை மாற்றி அமைத்தார்கள், அவ்வளவுதான்.

ஐந்து அட்டைகள்

நாம் மீண்டும் அந்தப் பள்ளிக்குப் போனது நான்கு வாரம் கழித்து. ஆசிரியை ஐந்து அட்டைகள் எழுதி வைத்திருந்தார்: அளப்பவர், வெட்டுபவர், கட்டுபவர், சொல்பவர், கூட்டுபவர். ஒவ்வொரு வாரமும் அட்டை அடுத்தவர் கைக்குப் போகும். ஐந்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கத்தரிக்கோலும் பிடித்திருக்கும், துடைப்பமும் பிடித்திருக்கும்.

பசைக் கிண்ணச் சிறுமியிடம் அன்று ‘கட்டுபவர்’ அட்டை இருந்தது. கோபுரம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் அவள் சொன்னாள்: ‘டேய், சாய்வா ஒரு குச்சி முட்டுக் குடுடா. எங்கப்பா அப்பிடித்தான் குடுப்பாரு.’ அவளுடைய அப்பா சென்னையில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். பையன் தயங்கினான், பிறகு குச்சியை நீட்டினான். நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து நூலால் கட்டினார்கள். நோட்டை வைத்துப் பத்து எண்ணினார்கள். நின்றது. இருபது எண்ணினார்கள். அப்போதும் நின்றது.

ஆசிரியை கரும்பலகையில் ‘முட்டு’ என்று எழுதினார். பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வந்தால் அது இரண்டு முக்கோணமாகிவிடும், முக்கோணம் அசையாது என்று விளக்கினார். கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடமிருந்து வந்த சொல் அன்றைய அறிவியல் பாடம் ஆனது. அந்தச் சிறுமி அன்று பலகையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஊர்த் தெருப் பையன் ஒருவனுக்குத் துடைப்ப அட்டை வந்த வாரம், அவனுடைய பாட்டி மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார். ‘எம்பேரனை எதுக்கு டீச்சர் கூட்ட வெச்சீங்க?’ ‘இந்த வாரம் அவன் முறைம்மா. போன வாரம் கத்தரிக்கோல் அவன்கிட்டதான் இருந்துச்சு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. அடுத்த வெள்ளிக்கிழமை பையன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தான். காலனிப் பிள்ளை கூட்டியபோது வராத கேள்வி இவன் கூட்டியபோது ஏன் வந்தது என்பதை அந்த ஊர்தான் யோசிக்க வேண்டும்.

செலவில்லாத போட்டி

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டும் என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. ஒரு காகிதப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். மேலே ஒரு நோட்டுத் தாளைப் போட்டு நாணயத்தை வைத்தால் தாள் தொய்ந்து விழும். அதே தாளை விசிறி போல மடித்துப் போட்டால் பல நாணயங்களைத் தாங்கும். நம் வீட்டுத் தகரக் கூரை நெளிநெளியாக இருப்பதும் இதனால்தான். பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

நிபந்தனைகளைப் பலகையில் எழுத வேண்டாம். ஐந்து துண்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒன்றில் இடைவெளி, ஒன்றில் எத்தனை தாள், ஒன்றில் எத்தனை நாணயம், ஒன்றில் நேரம், ஒன்றில் எதைத் தொடக் கூடாது என்பது. சீட்டைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையின் பேச்சையும் தள்ளிவிட்டுப் பாலம் கட்ட முடியாது. முடிந்ததும் குழுவில் யாராவது ஒருவர் பெயரைக் குலுக்கி எடுங்கள். அந்தப் பிள்ளை எப்படிக் கட்டினோம் என்று விளக்கினால்தான் குழுவுக்கு மதிப்பெண். அப்போது கெட்டிக்காரப் பிள்ளையும் மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு உதவத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோருடன் போய் மாதக்கணக்கில் பள்ளியைத் தவறவிடும் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். கற்றல் நிலை பார்த்துப் பிரித்தது தெரு பார்த்துப் பிரித்ததாக முடிந்துவிடக் கூடாது. வாரத்தில் ஒரு பாடவேளையாவது மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே குழுவில், ஒரே வேலையில் இருக்க வேண்டும். எழுதத் திணறும் பிள்ளை கட்டுவதில் முந்துவதை அன்று வகுப்பே பார்க்கும்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்கு 2022 முதல் ‘வானவில் மன்றம்’ இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு வரும்போது யார் வெட்டுபவர், யார் கூட்டுபவர் என்பது பிள்ளைகளின் மனதில் படிந்துவிடுகிறது. தொடங்க வேண்டிய இடம் தொடக்கப் பள்ளிதான். செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகக் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது. ஆசிரியர் யாரிடமும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காலனிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். கூட்டத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வாரம் ஒரு குழுப் போட்டி நடக்கிறதா, வேலை சுழற்சி முறையில் வருகிறதா, கூட்டுவதும் சுழற்சியில் வருகிறதா என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ‘இன்னிக்கு என்ன படிச்ச?’ என்று எல்லோரும்தான் கேட்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ‘இன்னிக்கு உங்க குழுவுல கத்தரிக்கோல் யார்கிட்ட இருந்துச்சு?’ தொடர்ந்து மூன்று வாரம் ஒரே பெயர் வந்தால், நான்காவது வாரம் பள்ளிக்கு நேரில் போங்கள்.